ராஜாவின் தலையும் சாரநாத்துச் சிங்கமும்

கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் நகைக்கடைப் படியேறி, மகள் கலியாணத்துக்கு எத்தனை சவரன் போட முடியும் என்று கணக்குப் பார்க்கும் ஒரு தாய், தாம் இங்கிலாந்து தேசத்து ராஜாவின் பட்டப்பெயரை உச்சரித்துக்கொண்டிருப்பதாக ஒருபோதும் எண்ணியிருக்க மாட்டார். 'சாவரின்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு முடிசூடி ஆளும் மன்னர் என்பதே பொருள். ஒரு புறம் அம்மன்னரின் தலையும், மறுபுறம் குதிரைமேல் அமர்ந்து பறவைநாகத்தை வதைக்கும் புனித ஜார்ஜின் உருவமுமாக, பிஸ்ட்ரூச்சி என்னும் இத்தாலியச் சிற்பியின் கைவண்ணத்தோடு 1817-ல் வெளிவந்த பொற்காசு அது. இருபத்திரண்டு காரட் மாற்றுடைய அக்காசின் எடை 7.988 கிராம், அதையே நாம் எட்டுக் கிராம் என்று நிறைவாக்கி, உச்சரிப்பையும் நம் நாவுக்கு இணக்கி, சவரன் என்று வைத்துக்கொண்டோம். ராஜாவின் முகம் நம்மை விட்டுப் போய் எத்தனையோ ஆண்டுகள் ஆகியும், அவர் காசின் எடை மட்டும் நம் வீட்டுப் பெண்களின் கழுத்தில் நிலைத்துவிட்டது.

1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் இத்தங்கவயலில் இயந்திரங்களோடு இறங்கிய நாள் முதலாக, 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்ட நாள் வரையில், வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் வரையில் இறங்கிப் பாறையை உடைத்துப் பொன்னை மேலே அனுப்பினார்கள். ராஜாவின் பொற்காசும் இந்நாட்டிலேயே பிறந்த காலம் உண்டு: முதல் உலகப் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் பம்பாயிலேயே அரச நாணயசாலையின் கிளையொன்றை நிறுவி, 1918-ஆம் ஆண்டிட்ட சவரன்களை அச்சடித்தார்கள். இந்தியாவைக் குறிக்கும் 'ஐ' என்ற ஆங்கில எழுத்தொன்று அவற்றில் சிறிதாகப் பொறிக்கப்பட்டிருக்கும். உருக்கிய பொன்னுக்கு ஊர்ப்பெயர் கிடையாது. யார் தலை அதன்மேல் விழுகிறதோ அவர் பெயரே அதற்குப் பெயர்.

நாணயத்தில் தன் முகத்தைப் பதித்தாக வேண்டும் என்ற ஆவல் நம் தென்னாட்டு மன்னர் பெரும்பாலோருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. கோலாரம்மன் கோயிலில் தமிழ்ச் சாசனங்களை விட்டுச்சென்ற சோழர்கள், புலியையும் கயலையும் வில்லையும் ஒருங்கே பொறித்து, மூவேந்தரின் சின்னங்களும் தம் ஒரு குடையின்கீழ் அடங்கியதைக் காசிலேயே பறைசாற்றினார்கள். இன்னும் விசேஷமானது, தங்கவயலுக்கு அண்மையிலுள்ள பூதிக்கோட்டையில் பிறந்த ஹைதர் அலியின் செய்கை. பிதனூரை வென்று நாணயம் அச்சிடத் தொடங்கிய அவர், அந்நாட்டு வராகன் என்னும் பொற்காசில் இருந்த சிவபார்வதி உருவத்தை அகற்றாமல் அப்படியே வைத்துக்கொண்டு, மறுபுறத்தில் தம் பெயரின் முதலெழுத்தை மட்டும் பதித்தார். ஜனங்கள் நம்பிக் கைநீட்டி வாங்குகிற உருவத்தை மாற்றுவது வியாபாரத்துக்குக் கெடுதல் என்ற விவேகம் அதில் இருக்கிறது. அவர் குமாரர் திப்புவோ தம் செப்புக் காசுகளில் யானையை நடக்கவிட்டார்.

வெள்ளைக்காரர் ஆட்சியில்தான் முகம் வந்தது. 'பூவா தலையா' என்ற நம் பிள்ளைகளின் சுண்டு விளையாட்டுக்குத் தலையும் வந்தது, மறுபுறத்துக் கொடிமலர் வேலைப்பாட்டால் பூவும் வந்தது. அந்தத் தலையும் எப்பொழுதும் சங்கடமின்றி இருந்ததில்லை. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜின் ரூபாய் வெளிவந்தபோது, அவர் அங்கியின்மேல் தொங்கிய ஆரத்தில் இருந்த யானை, துதிக்கை குட்டையாகிப் போனமையால் பன்றிபோல் தோன்றிற்று. முஸ்லிம்களிடையே ஆட்சேபம் கிளம்பவே, சர்க்கார் அந்த ரூபாயைத் திரும்பப் பெற்று, மறு ஆண்டில் யானைக்குச் செவ்வையான துதிக்கை வரைந்து வெளியிட்டது. ஒரு சாம்ராஜ்யம் முழுவதையும் தலைகுனிய வைப்பதற்குச் செதுக்குளி ஒரு நெல்லளவு பிசகினால் போதுமானதாக இருந்தது.

இதே காலத்தில் நடந்த வேறொரு காரியம், தங்கவயலின் சரித்திரத்தோடு நெருங்கிய சம்பந்தமுடையது. 1907 ஜூன் 19-ல் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் தொடங்கிய வாரப் பத்திரிகைக்கு 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர். ராஜாவின் தலை பொறித்த செப்புக் காசுகளிலே தாழ்ந்த ஒன்றைத் தம் பத்திரிகைக்கு விலையாகவும் பெயராகவும் வைத்து, ஏழையின் மடியிலிருக்கும் காசுக்கு எட்டக்கூடியதே அறிவு என்பதைப் பண்டிதர் பெயரிலேயே சொல்லிவிட்டார். அவர் பரப்பிய பௌத்தம் தங்கவயலின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியது. அவர் மறைவுக்குப் பின் 1926-ல் அப்பத்திரிகையை மீண்டும் உயிர்ப்பித்து நடத்தியவர் தங்கவயல் அப்பாதுரையார். பூமிக்கு அடியில் உழைத்து மேலேறிய மக்கள், புத்தரையும் அசோகரையும் பற்றித் தமிழில் படித்துக்கொண்டும் விவாதித்துக்கொண்டும் இருந்த ஊர் இது.

ஆகையால் 1950 ஆகஸ்டு 15-ல் குடியரசின் முதல் நாணயங்கள் வெளிவந்தபோது, நாட்டின் ஏனைய பாகங்களுக்கு அவற்றில் பொறித்த அசோகச் சிங்கம் ஒரு புதிய சின்னம் என்றால், இவ்வூர்ப் பௌத்தர்களுக்குப் பழைய பரிச்சயமாகவே இருந்திருக்க வேண்டும். 1947-ஆம் ஆண்டு ரூபாயில் ஒரு புறம் ஆறாம் ஜார்ஜும் மறுபுறம் புலியுமாக இருந்த இடத்தில், இப்போது ராஜா இல்லை. புத்தர் முதன்முதல் தர்மத்தை உபதேசித்த சாரநாத்தில் 1905-ல் மண்ணுக்கடியிலிருந்து வெளிப்பட்ட அசோகஸ்தம்பத்துச் சிங்கங்கள் அங்கே ஏறி அமர்ந்தன. ரூபாயிலும் அரை ரூபாயிலும் கால் ரூபாயிலும் தானியக் கதிர். இரண்டணாவிலும் ஓரணாவிலும் அரையணாவிலும் காளை. ஒரு பைசாவில் துள்ளிச்செல்லும் குதிரை. காளையும் குதிரையும் அதே ஸ்தம்பத்தின் பீடத்தைச் சுற்றி ஓடும் மிருகங்கள். நாணய வடிவங்களிலே நான் கண்டவற்றுள் அந்தக் குதிரைக் காசுக்கு ஈடானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். ஒன்றையும் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாலன்றி வேறுபாடு புரியாத இக்காலத்து நாணயங்களைக் கையில் வாங்கும்போதெல்லாம், எழுத்தறியாதவரும் தடவிப் பார்த்தே அறியத்தக்கதாக, இரண்டணாவைச் சதுரமாகவும் ஓரணாவை விளிம்பு வளைத்தும் செய்தவர்களை நினைத்துக்கொள்கிறேன்.

தலை முற்றிலும் போய்விடவில்லை. 1964-ல் நேரு காலமானபின் அவர் உருவம் பொறித்த ரூபாய் வந்தது, 1969-ல் காந்தியடிகள். நம்மவரில் காமராஜரும் அண்ணாவும் பின்னர் வந்தார்கள். ராஜாவின் தலை பிறப்பினால் காசில் ஏறியது. இவர்கள் தலை நன்றியினால் ஏறியது. எனினும் அன்றாடக் காசுக்குச் சிங்கமே உரியது, மனிதர் முகம் விசேஷ நாளுக்கு மட்டும் போதும் என்பேன்.

ஒரே ஒரு முகத்துக்கு மாத்திரம் நான் விலக்களிப்பேன். 1990-ல் டாக்டர் அம்பேத்கரின் நூற்றாண்டையொட்டி அவர் உருவத்தோடு ஒரு ரூபாய் நாணயம் வெளிவந்தது. 1923-ல் லண்டனில் 'ரூபாயின் பிரச்சினை' என்ற நூலை எழுதி, நாணயத்தை அதிகாரிகளின் இஷ்டத்துக்கு விட்டுவிடாமல் பொன்னோடு பிணைக்க வேண்டும் என்று வாதித்தவர் அவர். பொன்னைப் பற்றி அப்படி எழுதியவரின் முகம் ரூபாயில் வருவதும், பொன்னைத் தோண்டியவர்களின் சந்ததியார் அவரைத் தம் தலைவராகக் கொண்டாடுவதும், இரண்டும் ஒரே ஊரின் மடியில் வந்து விழுந்திருக்கின்றன.

வீட்டில் பழைய டப்பாவைக் கவிழ்த்துப் பார்க்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இருபத்தைந்து பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்டவையும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாமற் போயின. அம்பேத்கர் ரூபாய் இன்றும் செல்லும். கடைக்காரரிடம் கொடுத்துவிடுவதற்கு முன், வீட்டுக் குழந்தைகளிடம் ஒருமுறை காட்டுங்கள்.