புழுவெட்டு: சொல்லும் நோயும் சிகிச்சையும்

ஒரு நோய்க்குச் சமூகம் இடும் பெயரில், அந்நோய் பற்றிய அதன் விளக்கமும் அடங்கியிருக்கும். தலைமயிர் வட்டவட்டமாக உதிர்வதைப் ‘புழுவெட்டு’ என்கிறோம். கண்ணுக்குத் தெரியாத புழுவொன்று மயிரை அரிக்கிறது என்பதே இச்சொல்லின் உட்கிடை. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பிள்ளையின் தலையில் இவ்வட்டம் தோன்றினால், ‘தொற்றிவிடும்’ என்ற அச்சமும் சின்ன வெங்காயச் சாறும் உடன்வருவது இதனாலேயே.

உண்மையில் இங்கு புழுவுமில்லை, தொற்றுமில்லை. (பங்கசினால் தலையில் வரும் படை வேறு, அது தொற்றும்.) மயிர் முளைக்கும் பையின் அடிப்பகுதி, இயல்பில் நிர்ப்பீடனத் தாக்குதலிலிருந்து காக்கப்பட்டது. அக்காப்புக் குலையும்போது ரி-நிணநீர்க்குழியங்கள் அங்கு திரண்டு வளரும் மயிரைத் தாக்குகின்றன. ஆயினும் பை அழிவதில்லை. அதன் தொழிலே தடைப்படுகிறது. சிகிச்சைக்கு இடமளிப்பது இவ்வுண்மையே.

1970களில் இருநைத்திரோகுளோரோபென்சீன் என்னும் ஒவ்வாமைப் பொருள் தலையிற் பூசப்பட்டது. பற்றீரியாச் சோதனைகளில் அது விகாரங்களைத் தூண்டியமையால் கைவிடப்பட்டு, 1980கள் முதல் டைபென்சிப்ரோன் வழக்குக்கு வந்தது. முதலில் 2 சதவீதக் கரைசலைச் சிறு பகுதியிற் பூசி உடலில் ஒவ்வாமை உண்டாக்கப்படும். பின்னர் 0.001 சதவீதம் போன்ற மிக ஐதான கரைசலில் தொடங்கி, வாரந்தோறும் பூசி, இலேசான சிவப்பும் கடியும் ஓரிரு நாள் நிற்குமளவுக்குச் செறிவு கூட்டப்படும்.

அழற்சியால் வந்த நோயை மற்றோர் அழற்சி தணிப்பதெவ்வாறு? புதிய ஒவ்வாமை வேறு நிணநீர்க்குழியங்களை அழைக்கிறது. வேரைச் சூழ்ந்த குழியங்களின் விகிதம் மாறுகிறது. இன்டர்லியூக்கின் 10 போன்ற அடக்கும் சுரப்புகள் பழைய தாக்குதலைத் தணிக்கின்றன என்பர். ஒரு முரண்பாட்டின் உள்ளே இன்னொன்றைத் தோற்றுவித்து முதலாவதன் போக்கை மாற்றுவதே இம்முறை. வெங்காயச் சாற்றின் எரிவு இதற்கு ஈடாகாது. எரிவு தோலைப் புண்படுத்துவது. ஒவ்வாமையோ நினைவுடைய குழியங்களின் வினை.

பயன் எல்லோர்க்கும் ஒன்றல்ல. உதிர்ந்த பரப்புக் குறைந்தோர்க்கு வாய்ப்பு அதிகம்; தலை முழுவதும் இழந்தோர்க்கும், நகம் பாதிப்புற்றோர்க்கும், நெடுங்காலம் நோயுற்றோர்க்கும் குறைவு. நிறுத்தியபின் மீண்டும் உதிர்தலும் உண்டு.

இச்சிகிச்சை பல மாதங்கள், வாரந்தோறும் வரவேண்டியது. அரச வைத்தியசாலையிற் கட்டணமில்லாவிடினும், நாட்கூலி பெறும் தொழிலாளிக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாட் சம்பளம். 2022இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற பாரிசிட்டினிப் மாத்திரையும் நீண்டகாலம் உட்கொள்ளவேண்டியதே. விஞ்ஞானம் நோயை விளக்கிவிட்டது. அதன் பயன் யாரைச் சென்றடைகிறது என்பது சமூக அமைப்பின் வினா.

19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார். அப்பணி இன்னும் முடியவில்லை. ‘புழுவெட்டு’ என்ற சொல் நிலைக்கட்டும். புழு இல்லை என்ற அறிவு சலூன் நாற்காலிவரை செல்லவேண்டும். அப்போதுதான் அப்பிள்ளை தொப்பியின்றிப் பள்ளிக்குச் செல்லும்.