மெக்சிக்கோ நகரின் நடுச் சதுக்கம்

ஒரு நகரின் வரலாற்றை அதன் மாளிகைகளிலும் கோயில்களிலும் தேடுதல் இயல்பு. ஆயினும், கட்டடம் எதுவுமின்றி விடப்பட்ட வெளிநிலமும் வரலாறு கூறுதல் உண்டு. மெக்சிக்கோ நகரின் நடுவே அமைந்த சோக்கலோ என்னும் பெருஞ்சதுக்கம் இதற்குத் தக்க சான்றாகும்.

அஸ்தெக்க மக்கள் 1325ஆம் ஆண்டளவில், தெஸ்கோக்கோ ஏரியிலுள்ள தீவொன்றில் தெனொச்தித்லான் என்னும் தலைநகரை அமைத்தனர். ஏரியை ஊடறுத்த அகன்ற அணைவீதிகள் அதனைக் கரையோடு இணைத்தன. நகரின் நடுவே மழைக்கடவுளுக்கும் போர்க்கடவுளுக்கும் உரிய பெருங்கோயில் ஓங்கி நின்றது. கோர்த்தேஸ் என்பானின் தலைமையில் வந்த ஸ்பானியர், அஸ்தெக்கரோடு பகைகொண்ட உள்நாட்டு மக்களின் துணையுடன், 1521ஆம் ஆண்டு ஓகஸ்ட் 13ஆம் நாள் அந்நகரைக் கைப்பற்றினர். பெருங்கோயில் தகர்க்கப்பட்டது, அதன் கற்களே புதிய கட்டடங்களுக்கு உதவின. மன்னன் மொக்தெசுமாவின் அரண்மனை நின்ற கிழக்குப் பக்கத்தில் ஆட்சியாளரின் மாளிகை எழுந்தது. வடக்கில் 1573இல் தொடங்கிய பேராலயப் பணி 1813இலேதான் நிறைவெய்தியது. இவற்றின் முன்னே பரந்த சதுக்கம் உருவாயிற்று.

சோக்கலோ என்னும் பெயருக்குப் பீடம் என்பது பொருள். விடுதலைக்கு நினைவுத்தூண் ஒன்று எழுப்ப 1843இல் சந்தா அன்னா ஆணையிட்டான். பீடம் மட்டுமே அமைந்தது; தூண் எழவில்லை. எழாத தூணின் பீடமே சதுக்கத்தின் பெயராய் நிலைத்துவிட்டது.

மறைக்கப்பட்டவை மண்ணினுள் அழிந்துவிடவில்லை. 1790இல் சதுக்கத்தைச் செப்பனிட்டபொழுது, கோவாத்லிக்குவே என்னும் தாய்த்தெய்வத்தின் சிலையும், ஏறத்தாழ 24 தொன் நிறையுடைய சூரியக்கல்லும் வெளிப்பட்டன. சூரியக்கல் பேராலயக் கோபுரச் சுவரிற் பதிக்கப்பெற்றது. பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்ட தெய்வச் சிலையையோ மக்கள் வழிபடத் தொடங்கினர். பழைய சமயம் மீண்டும் தலையெடுக்குமென அஞ்சிய அதிகாரிகள் அதனை மறுபடியும் புதைத்தனர். கல்லொன்று அரசினை அஞ்சச் செய்தமை ஈண்டு நோக்கற்பாலது.

1978ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் மின்சாரத் தொழிலாளர் நிலத்தைத் தோண்டியபொழுது, மூன்று மீற்றருக்கு மேற்பட்ட விட்டமுடைய வட்டக்கல் ஒன்று கிடைத்தது. கொயொல்சவுக்கி என்னும் தெய்வத்தின் உருவம் அதிற் செதுக்கப்பட்டிருந்தது. அதன்பின் எதுவார்தோ மாத்தோஸ் மொக்தெசுமா என்னும் அறிஞரின் தலைமையில் நடந்த அகழ்வினாற் பெருங்கோயிலின் அடித்தளம் வெளிப்பட்டது. ஒன்றன்மேலொன்றாக எழுப்பப்பட்ட ஏழு கட்டட நிலைகள் அங்கே காணப்பட்டன.

பேராலயமும் இவ்வுண்மையைத் தாங்கி நிற்கின்றது. ஏரி வற்றிய களிமண்ணின்மேல் நிற்பதாலும், நிலத்தடி நீர் இறைக்கப்படுவதாலும், நகரம் அமிழ்ந்துவருகின்றது. பழைய கோயில்களின் பாரத்தால் இறுகிய மண் குறைவாகவும், ஏனைய மண் மிகுதியாகவும் தாழ்வதாற் பேராலயம் சாய்ந்தது. தகர்க்கப்பட்ட கோயிலின் சுவடு, அதன்மேல் எழுந்த ஆலயத்தின் சாய்விலே தெரிகின்றது.

இன்று ஆண்டுதோறும் செப்தெம்பர் 15ஆம் நாளிரவு, அரச மாளிகையின் மேன்மாடத்திலிருந்து குடியரசுத் தலைவர் மணியொலித்து விடுதலை முழக்கம் செய்ய, சதுக்கம் நிறைந்த மக்கள் எதிரொலிக்கின்றனர். ஒருபுறம் பேராலயமும், அதனருகே அகழ்ந்தெடுத்த கோயிலும் அவர்களுக்கு ஒருங்கே காட்சியளிக்கின்றன. வென்றோர் மண்ணை மூடலாம். மண் காத்துவைத்ததை அவரால் அழித்தல் இயலாது.