உங்களுக்குத் தெரியுமா? வயல் சப்பாத்தின் ஊர்

காலபோகச் சேற்றில் வன்னி விவசாயி போடும் இறப்பர் சப்பாத்தின் கதை தெற்கே தொடங்குகிறது. 1876இல் லண்டன் கியூ பூங்காவிலிருந்து வந்த இறப்பர் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. இன்று களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் பால் வெட்டுகிறார்கள். அந்த இறப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால்தான் அது வெயிலில் இளகாது. இம்முறையில் நீளச் சப்பாத்து செய்ய, ஹைரம் ஹட்சின்சன் 1853இல் பிரான்ஸில் தொழிற்சாலை தொடங்கினார்.

எத்தனை காலம் உழைக்கும்? அது நாம் வைத்திருக்கும் விதத்தில் இருக்கிறது. வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் மடிப்புகளில் வெடிப்பு விழுத்தும். டீசலும் மண்ணெண்ணெயும் பட்டால் இறப்பர் ஊதிப்போகும். கழுவி, கவிழ்த்து, நிழலில் உலர்த்துங்கள், அடுப்படியில் வேண்டாம். வெடித்துவிட்டால் தாமதிக்காமல் மாற்றுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி சேற்றுநீரிலிருந்து கால் காயம் வழியே உடலுக்குள் போகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் உயிர்களைக் கொண்டுபோனது.