எலும்புத் தூளுக்கு ஒரு மறுபெயர்

கோழியின் நெஞ்சையும் தொடையையும் அரிந்தெடுத்த பின்னரும் எலும்புக்கூட்டில் இறைச்சி ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். வீட்டிலாயின் அதனை நீரிலிட்டு இரசமாக்குவர். நாளொன்றுக்குப் பல்லாயிரம் கோழிகளை உரிக்கும் ஆலையிலோ, அதனைக் கத்தியாற் சுரண்டும் கூலி கிடைக்கும் இறைச்சியின் விலையை மிஞ்சிவிடும். இவ்விடத்தேதான் இயந்திரம் புகுந்தது. மீன்முள்ளில் எஞ்சிய தசையை எடுப்பதற்கென 1940களின் பிற்பகுதியில் ஜப்பானிலே தோன்றிய முறை, பின்னர் அமெரிக்காவிற் கோழிக்கும், அதன்பின் மாட்டுக்கும் பன்றிக்கும் வந்து சேர்ந்தது.

கழுத்து, முதுகு, நெஞ்சுக்கூடு ஆகியவற்றை எலும்போடு நொருக்கிப் பேரழுத்தத்தால் நுண்துளைச் சல்லடையில் நெருக்குவர். மென்மையானது துளைவழியே பிதுங்கும்; எலும்பு பின்தங்கும். வெளிவருவது தசைநாரின் உருவழிந்த இளஞ்சிவப்புக் களி. எலும்பு மச்சையும் கொழுப்பும் அதிற் கலந்திருத்தலால் விரைவிற் கெடும். ஆகவே உடனே உறையவைப்பர். உப்பும் பனிக்கட்டியும் மாவும் வாசனைச் சரக்கும் சேர்த்துப் பிசைந்தால் மலிவான சொசேஜ் ஆயத்தம். எஞ்சியதை வீணாக்காது உண்பதை நாம் குறைகூறோம். ஏழையின் தட்டிலும் புரதம் வேண்டுமன்றோ? வழக்கெல்லாம் அதற்கு இடும் பெயரைப் பற்றியதே.

சல்லடை எத்துணை நுண்ணியதாயினும் எலும்புத் துகள் சிறிது நழுவும். 1976ஆம் ஆண்டு அமெரிக்க விவசாயத் திணைக்களம் இக்களியை அனுமதிக்க முற்பட்டபோது, நுகர்வோர் சங்கத்தார் நீதிமன்றம் சென்று தடுத்தனர். 1978இல் வந்த விதி, இத்தனை வீதம் வரை எலும்புத் தூள் உண்டென்று பொதியிற் பொறிக்கவேண்டும் என்றது. அவ்வாறு பொறித்த பண்டத்தை யார் வாங்குவர்? உற்பத்தியாளர் கைவிட்டனர், கூடவே விதியை மாற்றவும் மன்றாடினர். 1982இல் அவ்வாசகம் நீங்கியது. கல்சியத்தின் அளவைக் குறித்தாற் போதுமென்றாயிற்று. எலும்பு என்றாற் பல் கூசும். கல்சியம் என்றாற் பாலும் குழந்தையும் நினைவுக்கு வரும். பொருள் மாறவில்லை, சொல்லே மாறிற்று. கோழிக்களிக்கு இந்தத் தொல்லையும் இருந்ததில்லை. 1995இல் விதி ஆக்கப்படும்வரை அது வெறும் ‘கோழி’ என்றே பொதிகளில் உலவியது.

பிரித்தானியாவில் விளைவு கொடியதாயிற்று. மாட்டின் முள்ளந்தண்டை இயந்திரத்திலிட்டால் முண்ணாணின் துணுக்கும் களியோடு சேரும். 1986இல் இனங்காணப்பட்ட பித்தமாட்டு நோய் குடிகொள்ளும் இடங்களுள் முண்ணாணும் ஒன்று. முள்ளந்தண்டிலிருந்து களி எடுத்தல் 1995 டிசெம்பரிலேதான் தடைசெய்யப்பட்டது. அடுத்த மார்ச்சில், அந்நோய்க்கும் மனிதரைக் கொல்லும் மூளைநோய் ஒன்றிற்கும் தொடர்பிருக்கக்கூடும் என அரசு பாராளுமன்றத்தில் அறிவித்தது. அதனால் அந்நாட்டில் 170க்கு மேற்பட்டோர் மாண்டனர், பலர் இளவயதினர். எவ்வுணவால் அது வந்ததென்று தனித்தனியே நிறுவ இயலாதெனினும், இக்களி கலந்த மலிவுணவும் ஐயத்துக்குள்ளான வழிகளுள் ஒன்று. உண்டவருக்குத் தாம் உண்டது இன்னதென்று தெரிந்திருக்கவில்லை.

2001இல் ஐரோப்பிய ஒன்றியம் மாடு, ஆடு ஆகியவற்றின் எலும்பிலிருந்து களி எடுப்பதை விலக்கியது. ஏனைய விலங்குகளின் களியையும் இறைச்சிக் கணக்கிற் சேர்க்கலாகாதென விதித்தது. பிரித்தானிய ஆலைகள் அழுத்தம் குறைந்த புதிய பொறிகளைக் கொணர்ந்து, அவற்றின் விளைவுக்கு ‘நார் நீக்கிய இறைச்சி’ எனப் பெயரிட்டன. இறைச்சியென விற்றால் ஒரு விலை, களியென விற்றால் அதனினும் மிகக் குறைந்த விலை. வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை சென்றது. எலும்பிலிருந்து இயந்திரத்தாற் பிரித்தது, அழுத்தம் கூடினும் குறையினும் அப்பெயரையே தாங்கவேண்டும் என்று 2014 ஒக்டோபரில் அம்மன்று தீர்ப்பளித்தது.