புகார் மேசையில் தொடங்கும் அலட்சியம்

குற்ற வழக்கில் அலட்சியம் பெரும்பாலும் புகார் வாங்கும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. எஃப்.ஐ.ஆர். நகல் கேட்டு வந்தவர் கையில் சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்து, 'விசாரிக்கிறோம், போய் வாருங்கள்' என்று அனுப்பிவிடுவார்கள். மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மட்டுமே அந்த ரசீது அத்தாட்சி. வழக்குப் பதியாதவரை சட்டத்தின் பார்வையில் புலன் விசாரணை தொடங்கவே இல்லை; தடயத்தைக் கைப்பற்றவும் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லவும் யாருக்கும் பொறுப்பு வராது. பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் நடந்திருப்பது புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013 நவம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அதன் பிறகும் ரசீதோடு திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

வட சென்னையின் தொழிற்பகுதியில் இதனோடு எல்லைச் சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. பொன்னேரி வட்டத்திலுள்ள அத்திப்பட்டு, 2022 ஜனவரியில் உருவான ஆவடி காவல் ஆணையரகத்தின் மீஞ்சூர் பகுதியைச் சேர்ந்தது. தெற்கே எண்ணூர், வேறொரு காவல் நிலையத்தின் எல்லை. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் நடக்கும் குற்றங்கள் ரயில்வே காவல்துறைக்குப் போகும். காமராஜர் துறைமுகத்தில் காவலுக்கு நிற்பது மத்தியத் தொழில் பாதுகாப்புப் படை. அத்திப்பட்டு புதுநகரில் இரவு ரயிலை விட்டு இறங்கும் ஒருவரிடம் செல்போனைப் பறித்தால், பறித்த இடம் பெட்டியா, நடைமேடையா, வெளிச்சாலையா என்பதைப் பொறுத்துக் காவல் நிலையமே மாறிவிடும். 'இது எங்க லிமிட் இல்லை' என்ற பதிலுக்கு இதைவிடத் தோதான நிலப்பரப்பு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இந்தப் பதிலுக்கு இடம் தரவில்லை. குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்த நிலையமும் 'ஜீரோ எஃப்.ஐ.ஆர்.' பதிந்து, உரிய நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

இங்கே மிகுந்த அக்கறை வேண்டுவது சந்தேக மரணங்களில்தான். அனல் மின் நிலையம், துறைமுகம், கன்டெய்னர் யார்டுகள் என எங்கும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களில் பலர் வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். தண்டவாளத்தின் ஓரத்திலோ லாரி நிறுத்தத்திலோ ஓர் உடல் கிடந்தால் முதலில் பதிவாவது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174, இன்றைய சன்ஹிதாவின் 194-ஆவது பிரிவின் கீழான சந்தேக மரணம். மரணத்துக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணம் என்ன என்று பார்ப்பதோடு அந்த விசாரணை முடிகிறது. பிரேதப் பரிசோதனையில் சந்தேகத்துக்குரிய காயங்கள் தெரிந்தால் பிரிவை மாற்றிக் கொலை வழக்காக்க வேண்டும். அதைக் கேட்டு வற்புறுத்த வேண்டிய தாயோ மனைவியோ இருப்பது ஒடிசாவிலோ பீகாரிலோ. விசாரணையின் போக்கைப் புகார்தாரருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டம். சந்தேக மரணத்தில் தகவல் கொடுத்தவர் பல நேரங்களில் அந்த இடத்து மேஸ்திரியோ மேற்பார்வையாளரோதான். எஃப்.ஐ.ஆரில் பெயர் இல்லாத குடும்பத்துக்குத் தகவல் போவது அதிகாரியின் மனசாட்சியைப் பொறுத்ததாகிவிடுகிறது. இதைச் சிறிய குறையாக நினைத்துக் கடந்துபோக முடியாது.

விசாரணை அதிகாரி தரப்பிலும் நியாயம் இருக்கிறது. சென்னையில் குற்றப்பிரிவு ஆய்வாளர் என்று தனியாக ஒருவர் இருந்தாலும் அவர் கவனிப்பது பெரும்பாலும் திருட்டு, வழிப்பறி போன்ற சொத்துக் குற்றங்களை. கொலை வழக்கு சட்டம் ஒழுங்கு ஆய்வாளரிடம் போகிறது. அவரோ திருவிழா, பொதுக்கூட்டம், வி.ஐ.பி. வருகை என்று பந்தோபஸ்துக்கு ஓடுகிறவர். சாட்சி சொன்னதை அன்றே எழுதுவதும், கடைக்காரரின் சி.சி.டி.வி. பதிவு அழிவதற்குள் வாங்குவதும் இந்த ஓட்டத்தில் தள்ளிப்போகின்றன. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஏழு கட்டளைகளில் ஒன்று, புலன் விசாரணையைச் சட்டம் ஒழுங்கிலிருந்து பிரிக்க வேண்டும் என்பது.

பதிவு அழிவது கடைகளில் மட்டும் நடப்பதல்ல. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்த வழக்கில், நிலையத்தின் கேமரா பதிவுகள் அன்றாடம் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்ததை விசாரணைக்குச் சென்ற மாஜிஸ்திரேட் கண்டறிந்தார். சேமிப்பு வட்டில் இடம் ஏராளமாக இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில், வேறொரு வழக்கில், காவல் நிலையக் கேமரா பதிவுகளை 18 மாதங்களும், அதற்கு வழியில்லையென்றால் குறைந்தது ஓராண்டும் பாதுகாக்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது.

விசாரணை சொதப்பியதால் வழக்கு தோற்றால் பதில் சொல்ல வேண்டியவர் யார்? குஜராத்தில் ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டவரின் விடுதலையை உறுதிசெய்ய நேர்ந்த உச்ச நீதிமன்றம் 2014 ஜனவரி 7 அன்று இதற்கு விடை தந்தது. ஒவ்வொரு விடுதலைத் தீர்ப்பையும் காவல், அரசு வழக்குத் தரப்பு மூத்த அதிகாரிகள் அடங்கிய நிலைக்குழு ஆராய வேண்டும். தவறிய அதிகாரி மீது துறை நடவடிக்கை எடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆராய்கிறவர்களும் அதே அமைப்பைச் சேர்ந்தவர்கள்.

வெளியிலிருந்து ஒரு கண் வேண்டும் என்பதற்காகவே பிரகாஷ் சிங் தீர்ப்பு, ஓய்வுபெற்ற நீதிபதிகள் தலைமையில் காவல் புகார் ஆணையங்களைக் கேட்டது. தமிழ்நாடு 2013-இல் கொண்டுவந்த காவல்துறை சீர்திருத்தச் சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையும் மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரையும் தலைவராக்கியது, டி.ஜி.பி.யும் எஸ்.பி.யும் அவற்றின் உறுப்பினர்கள். யார் மீது புகாரோ அவர்களின் மேலதிகாரிகளே நடுவர்கள். இந்தச் சட்டத்தை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குகள் தொடுக்கப்பட்டன.

அத்திப்பட்டுக்காரருக்குச் சட்டம் இன்னொரு வழியையும் வைத்திருக்கிறது. நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தால் அதை எழுத்தில் உயரதிகாரிக்கு அனுப்பலாம். அங்கும் பலனில்லையென்றால் பிரமாணப் பத்திரத்துடன் மாஜிஸ்திரேட்டிடம் மனுச் செய்து, புதிய சன்ஹிதாவின் 175(3) பிரிவின்படி விசாரணைக்கு உத்தரவு பெறலாம். அதற்குப் புகாரின் நகலும், தபாலில் அனுப்பியதற்கான ஒப்புகைச் சீட்டும் முதல் நாளிலிருந்தே கைவசம் இருக்க வேண்டும்.