ஊசியும் முகக்கவசமும்

மருத்துவம் மருந்தொன்றினால் மட்டும் அமைவதன்று. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து துணைபுரிபவன் என அதனை நான்கு கூறாக வகுத்தார் வள்ளுவர். கோவிட்-19 பெருந்தொற்றின்போது நம் நாட்டு மக்கள் பலர் எழுப்பிய ஒரு வினாவுக்கு இப்பகுப்பிலேயே விடை பொதிந்துள்ளது.

2021 அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறக்கப்பட்டன. எங்கள் தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டும் தந்தையார் ஒருவர் பள்ளி வாயிலில் என்னை நிறுத்தி, “ஐயா, ரெண்டு ஊசியும் போட்டாச்சு. இன்னும் எதுக்குங்க இந்த மாஸ்க்கு?” என்றார். நியாயமான கேள்விதான். அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை ஆசிரிய அன்பர்களுக்காக இங்கு விரித்துரைக்கிறேன். நாளை வேறொரு கொள்ளைநோய் வரின், இதே வினா நம்மிடமே மீண்டும் வரும்.

முதற்கண், இரண்டின் தொழிலும் வெவ்வேறு என்பதை உணர வேண்டும். நோய்க்கிருமி வந்தால் எதிர்த்து நிற்குமாறு உடலை முன்கூட்டியே பழக்குவது தடுப்பூசி. அஃது உடலினுள் நின்று காக்கும் காவல். கடும் நோயையும் உயிரிழப்பையும் அது பெரிதும் குறைக்கிறது. ஆயினும் கிருமி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிப் பிறருக்குப் பரவுவதை அது முற்றாகத் தடுப்பதில்லை. அதன் ஆற்றலும் ஊசி போட்டவுடன் கிட்டுவதன்று. இரண்டாம் ஊசிக்குப்பின் 14 நாள் சென்ற பின்னரே ஒருவரை முழுமையாக ஊசி பெற்றவர் என நம் நாட்டில் கணக்கிட்டனர். முகக்கவசமோ வாயிலில் நிற்கும் காவல். பேசும்போதும் இருமும்போதும் வெளிப்படும் நுண்துளிகளை அது மறிக்கிறது. கூடல் இடைவெளியும் திறந்த சன்னல்களும் பிறர் மூச்சில் நாம் பங்குகொள்வதைக் குறைக்கின்றன.

மருந்து கைக்கு எட்டாத காலத்தில் வாயிற்காவல் எத்துணை உதவும் என்பதற்குப் பினாங்கில் 1879-இல் பிறந்த மருத்துவர் வூ லியன் தே சான்றாவார். 1910-11-இல் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் நோய் ஏறத்தாழ 60,000 உயிர்களைக் கொண்டது. மூச்சின் வழியே அது பரவுகிறது என்று கண்ட அவர், பஞ்சும் மெல்லிய துணியும் சேர்த்து முகக்கவசம் அமைத்தார். நோயுற்றாரைப் பிரித்து வைத்தார். அக்கவசத்தை அணியாது நோயாளிகளைக் கண்ட பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி அந்நோய்க்கே பலியானார். சில திங்களில் நோய் அடங்கியது.

இனி, இரண்டும் சேர்ந்தால் விளைவது யாது? ஒரு பள்ளிக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது மெய்யான அளவீடன்று, வழியை விளக்குதற்கே. நோயாளி ஒருவர் 4 பேருக்கு நோயைத் தருவார் எனக் கொள்வோம். ஐந்தாம் சுற்றில் புதிதாய் நோயுறுவோர் 1,024 பேர். ஊசி அப்பரவலைப் பாதியாக்கினால், ஒருவரிடமிருந்து 2 பேர். ஐந்தாம் சுற்றில் 32 பேர். முகக்கவசமும் இடைவெளியும் அதனையும் பாதியாக்கினால், ஒருவரிடமிருந்து ஒருவரே. நோய் வளராது நின்றுவிடும். சன்னல்களையும் திறந்துவிட்டால் எண்ணிக்கை ஒன்றுக்குக் கீழ் இறங்கி நோய் தேயத் தொடங்கும்.

நம் நாட்டு அனுபவமும் இதனையே காட்டிற்று. 2021 பிப்ரவரி 24-இல் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்டு 26-இல், பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரண்டு ஊசிகளும் பெற்றிருந்த நிலையிலும், ஒரே நாளில் 24,599 பேருக்கு நோய் கண்டது. ஊசி பயனற்றது என்பது இதன் பொருளன்று. ஊசி பெறாதார் பலர் எஞ்சியிருக்கையில், வேகமாய்ப் பரவும் டெல்டா வகைக் கிருமியை ஊசி மட்டும் நிறுத்திவிடாது என்பதே பொருள்.

எஞ்சியிருந்தோருள் நம் மாணவரும் இருந்தனர். 5 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு நம் நாட்டில் ஊசி போடத் தொடங்கியது 2022 பிப்ரவரியில்தான். ஆகவே அத்தந்தையாரிடம், “தம்பி, ஊசி பெரும்பாலும் உங்களைக் காக்கும். உங்கள் மகளுக்கு இன்னும் ஊசி வரவில்லை. அவளையும் வீட்டிலுள்ள பாட்டியையும் காக்க நீங்கள் மாஸ்க்கு போடுங்கள்” என்றேன். அருகிருந்து துணைபுரிபவனின் தொழில் இதுவே.

நிற்க. முகக்கவசத்தால் இழப்பே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு வலி, வளி, வழி என்னும் சொற்களை வேறுபடுத்திக் கற்பிக்க ஆசிரியரின் வாயசைவு புலனாக வேண்டும். துணிக்குப் பின்னிருந்து ஒலித்த ழகரத்தைப் பிள்ளைகள் செவியால் மட்டுமே பற்ற வேண்டியிருந்தது. அவர்களுட் சிலர் இன்றும் அவ்வெழுத்தில் இடறுவதைக் காண்கிறேன். முகக்கவசத்தை என்றென்றும் அணிவிக்க வேண்டும் என்பாரும் இவ்விழப்பை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆகவே கேள்வி, ஊசியா முகக்கவசமா என்பதன்று. எதனை, எப்போது, எங்கே தளர்த்துவது என்பதே. 2022 மே முதல் நாள் திறந்தவெளியில் முகக்கவசம் கட்டாயமன்று என்று ஆனபோது, எங்கள் பள்ளியில் உச்சரிப்புப் பாடத்தைத் திடலின் மரநிழலுக்கு மாற்றினோம். ஆசிரியர் சற்றுத் தள்ளி நின்று, முகந்திறந்து கற்பித்தார். ஒரு காவலைத் தளர்த்தினோம். காற்றும் இடைவெளியும் அவ்விடத்தை நிரப்பின. அவ்வாண்டு செப்டம்பர் 7-இல் கட்டடங்களுள்ளும் அக்கட்டாயம் நீங்கிற்று. ஆயினும் மருத்துவ நிலையங்களிலும் பொதுப் போக்குவரத்திலும் அது தொடர்ந்தது. திறந்தவெளி முதலில், அடைந்த அறை அடுத்து, நலிந்தோர் உள்ள இடம் இறுதியில் என்னும் இவ்வரிசை நினைவில் வைக்கத்தக்கது.

2023 மே 5-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கோவிட்-19 நெருக்கடிநிலை முடிந்ததென அறிவித்தது. முகக்கவசங்களைப் பெட்டியில் வைத்துவிட்டோம். சளியும் காய்ச்சலும் கண்ட பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் அதனை மீண்டும் எடுத்துக்கொடுக்கத் தயங்க வேண்டுவதில்லை. வகுப்பறைச் சன்னல்களையோ நாள்தோறும் திறந்து வைக்கலாம். அதற்கு ஆணை எதுவும் வேண்டுவதில்லை.