பாட்டுப் பேச்சு

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் பாட்டைப் பற்றிய பேச்சு கிளம்பிவிட்டால், பிறகு பொழுது போவது ஒருவருக்கும் தெரிவதில்லை. மற்ற விஷயங்களில் ஒற்றுமையாக இருப்பவர்களும் இதில் கட்சி பிரிந்துவிடுவார்கள். 1940-களில் "பாகவதரா, சின்னப்பாவா?" என்று நம் பெரியோர்கள் திண்ணைகளில் வாதாடினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் "சௌந்தரராஜனா, ஸ்ரீநிவாஸா?" என்று கேட்டார்கள். பேரப்பிள்ளைகளோ "இளையராஜாவா, ரஹ்மானா?" என்று ஆரம்பித்தார்கள். இத்தகைய வாதத்தின் முடிவில் கட்சி மாறியவர் எவரையும் நாம் கண்டதில்லை. ஆனால், எதிர்க் கட்சிக்காரர் அவ்வளவு உருகிச் சொன்ன பாட்டை, வீட்டுக்குப் போனதும் யாருக்கும் தெரியாமல் ஒரு முறை போட்டுக் கேட்டவர் அநேகர் உண்டு.

இதையெல்லாம் வீண் பேச்சு என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்கள். நம்முடைய அபிப்பிராயம் அதுவன்று. பாட்டை உண்டாக்குபவர்கள் வித்வான்களும் கவிகளும். ஆனால் ரஸிகனை உண்டாக்குவதில் இந்தப் பேச்சுக்குப் பெரும் பங்கு இருக்கிறது. "அந்த இரண்டாவது சரணத்தில் குரல் எப்படித் தாழ்கிறது, கவனித்தீரா, ஓய்?" என்று ஒருவர் சொன்ன பிறகுதான், நூறு தரம் கேட்ட பாட்டும் நம் காதில் சரியாக விழுகிறது. ரஸனை கட்டளையினால் வருவதில்லை, கூட்டுறவினால் வருகிறது என்பதற்கு நம் தேசத்து ரேடியோவின் சரித்திரமே சாட்சி.

1952-ஆம் ஆண்டில் மத்திய சர்க்காரின் செய்தி, ஒலிபரப்பு இலாகாவுக்கு மந்திரியாக வந்தவர் டாக்டர் பி. வி. கேஸ்கர். சாஸ்திரீய சங்கீதத்தில் ஆழ்ந்த பற்றுடையவர். புதிதாக விடுதலை பெற்ற தேசத்தின் செவி நல்ல சங்கீதத்தில் பழக வேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பத்தினால் விளைந்த நன்மையை நாம் மறுக்கலாகாது. அதே 1952-இல் ஆரம்பமான தேசீய சங்கீத நிகழ்ச்சியின் பயனாக, சனிக்கிழமை இரவுகளில் கும்பகோணத்து வீட்டில் ஹிந்துஸ்தானி கானமும் காசி நகரத்து வீட்டில் கர்நாடக கானமும் ஒலித்தன.

ஆனால் அந்த விருப்பமே சினிமாப் பாட்டின் மீது கோபமாகவும் திரும்பியது. சினிமாப் பாட்டுக்கு ஒதுக்கிய நேரம் சுருக்கப்பட்டது. படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரம் ஆகும் என்று அதுவும் நிறுத்தப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் சினமுற்று, பாட்டுகளை ஒலிபரப்பும் அநுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

ஜனங்கள் இதற்காக யாரிடமும் மன்றாடவில்லை. ரேடியோப் பெட்டியின் திருகைச் சற்றே திருப்பினார்கள், கொழும்பு கிடைத்தது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நேச நாட்டுப் படைகள் இலங்கையில் நிறுவிய சக்தி வாய்ந்த சிற்றலைக் கருவி, யுத்தம் முடிந்த பின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1952-இன் இறுதியில் அங்கே 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. அதை நடத்திய அமீன் சயானி பம்பாயில் இருந்துகொண்டு பேசிப் பதிவு செய்வார். பதிவு விமானத்தில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து ஆகாய மார்க்கமாக மறுபடி பாரதத்துக்கு வரும். பம்பாய்க்காரர் பேசியதைக் கேட்கப் பம்பாய்வாசிகள் கொழும்பைத் தேட வேண்டியதாயிற்று!

தமிழ் மக்களுக்கோ கொழும்பு இன்னும் நெருங்கிய உறவு. எஸ். பி. மயில்வாகனம், பின்னாளில் கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் தெளிவான தமிழைத் தூத்துக்குடியிலும் இராமநாதபுரத்திலும் சொந்த வீட்டார் பேச்சைப் போல ஜனங்கள் கேட்டார்கள். காலையில் 'பொங்கும் பூம்புனல்' ஒலித்தால் அடுக்களை வேலையும் அந்தத் தாளத்திலேயே நடக்கும்.

அக்காலத்தில் விரும்பிய பாட்டைக் கேட்பதற்கு ஒரு கார்டு எழுதிப் போட வேண்டும். பிறகு நாட்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் பாட்டுக்கு முன்னே, ஊரும் பேருமாக ஒரு ஜாபிதா வாசிக்கப்படும். அதில் தம் பெயர் வந்துவிட்டால் அந்த வீட்டில் ஒரே கோலாகலம்! இன்று ஜார்க்கண்டு மாகாணத்தில் உள்ள ஜும்ரி தலையா என்னும் சிற்றூர், அப்பிரகச் சுரங்கங்களுக்குப் பெயர் பெற்றது. ஆனால் தேசம் முழுதும் அதை அறிந்துகொண்டது, அங்கிருந்து ரேடியோவுக்குப் போன விருப்பக் கடிதங்களினால்தான். பெயரைக் கேட்டவர்கள் பாட்டை மட்டும் கேட்கவில்லை. தம்மைப் போலவே அந்தப் பாட்டை விரும்பும் ஒருவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார் என்பதையும் அறிந்துகொண்டார்கள்.

1957 அக்டோபர் 3-ஆம் தேதி சர்க்கார் 'விவித பாரதி'யை ஆரம்பித்தது. சினிமாப் பாட்டு மறுபடியும் நம் தேசத்து ரேடியோவில் இடம் பெற்றது. அப்போதும் மந்திரி கேஸ்கர்தான். ஜனங்களின் விருப்பத்துக்குச் சர்க்கார் செவி சாய்த்ததை நாம் தோல்வி என்று சொல்லமாட்டோம். குடியரசு நாட்டுக்கு அது பெருமையே ஆகும். ஒரு பக்கம் தேசீய சங்கீத நிகழ்ச்சியும் மறு பக்கம் விவித பாரதியும் இருந்தபோது, இரண்டையும் கேட்ட வீடுகள் எத்தனையோ உண்டு.

ரேடியோவுக்கு அடுத்து வந்தது காஸெட். பிலிப்ஸ் கம்பெனியார் 1963-இல் வெளியிட்ட இந்தச் சிறிய நாடாப் பெட்டி, 1980-களில் தமிழ் நாட்டின் ஊர்தோறும் 'ரெக்கார்டிங் சென்டர்' என்ற கடைகளை உண்டாக்கிற்று. ரஸிகர் ஒரு துண்டுக் காகிதத்தில் பாட்டுகளை எழுதிக் கொடுப்பார். கடைக்காரர் இசைத் தட்டுகளிலிருந்து பதிவு செய்து தருவார். அறுபது நிமிஷக் காஸெட்டில் பக்கத்துக்கு முப்பது நிமிஷம். இரு பக்கமும் சேர்ந்து பன்னிரண்டு அல்லது பதின்மூன்று பாட்டுகளே அடங்கும். ஆகையால் இரண்டு பாட்டுகளில் ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது? எதை முதலில் வைப்பது? சோகப் பாட்டுக்குப் பின்னே எது வந்தால் பொருந்தும்? இப்படி ஒரு வாரம் யோசித்து எழுதிய ஜாபிதாவைக் கடைக்காரர் ஒரு பார்வை பார்த்து, "ஐந்தாவதற்குப் பதில் அதே படத்தில் இன்னொரு பாட்டு இருக்கிறது, கேட்டிருக்கிறீர்களா, ஸார்?" என்பார். அங்கேயே ஒரு சம்பாஷணை ஆரம்பமாகிவிடும். இந்தப் பிரதிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாட்டை உண்டாக்கினவர்களுக்கு உரிய தொகை போய்ச் சேரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குப் போன தம்பிக்கும், கலியாணமாகித் தூர தேசம் சென்ற சிநேகிதிக்கும் அந்தக் காஸெட்டுகள் கடிதத்தில் எழுத முடியாததைச் சொல்லின என்பதும் உண்மை.

2000-க்குப் பிறகு குறுந்தகடு அந்த இடத்துக்கு வந்தது. அதில் எண்பது நிமிஷம் பாட்டு அடங்கும், எம்.பி.3 முறையில் சுருக்கினால் நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளும் அடங்கும். இடம் தாராளமானபோது, தேர்ந்தெடுக்கும் சிரமம் குறைந்தது. யாருக்கு எந்தப் பாட்டு என்னும் யோசனையும் அதனோடு குறையலாயிற்று.

இன்று கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் கிடைக்கின்றன. இதை நாம் குறை கூற மாட்டோம். ஒரு பாட்டுக்காகக் கார்டு எழுதிக் காத்திருந்த தலைமுறைக்கு இது கற்பக விருட்சம் அல்லவா? ஆயினும் அடுத்த பாட்டு எது என்பதைப் பெரும்பாலும் யந்திரமே தீர்மானிக்கிறது. நாம் முன்பு கேட்டதையும், நம்மைப் போன்றோர் கேட்பதையும் கணக்கிட்டு அது ஒரு பாட்டை நீட்டுகிறது. "இந்தப் பாட்டை உனக்கு யார் சொன்னார்கள்?" என்று நம் வகுப்பு மாணவர்களைக் கேட்டால், "தானாக வந்தது, ஸார்" என்கிறார்கள். யந்திரம் நம்மோடு வாதாடுவதில்லை. தனக்கு அந்தப் பாட்டு ஏன் பிடித்தது என்று அதனால் சொல்லவும் முடியாது. காதில் கருவி பொருத்திய தகப்பனாரும் பிள்ளையும் ஒரே அறையில் அமர்ந்து, ஒருவர் பாட்டை ஒருவர் அறியாமல் வருஷக்கணக்கில் வாழ முடிகிறது. நாம் அஞ்சுவது இந்த மௌனத்தைத்தான்.

இதற்குப் பரிகாரம் செலவு வைப்பதன்று. வாரத்தில் ஒரு நாள், இராப் போஜனம் ஆன பிறகு, காதுக் கருவிகளை எடுத்து வைத்துவிட்டு ஒவ்வொருவரும் ஒரு பாட்டைப் போடட்டும். பாட்டி விரும்பும் பாட்டைப் பேரனும், பேரன் விரும்பும் பாட்டைப் பாட்டியும் முடியும் வரை கேட்கட்டும். பிறகு அது ஏன் பிடித்தது என்பதை ஒவ்வொருவரும் இரண்டு வார்த்தையில் சொல்லட்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: "இதெல்லாம் ஒரு பாட்டா?" என்று எவரும் கேட்கலாகாது. அந்தக் கேள்வியை 1952-இல் ஒரு சர்க்காரே கேட்டுப் பார்த்தது. ஜனங்கள் கொழும்புக்குப் போய்விட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் போதும்.